ஐ.டி.க்கு மாறப் போறீங்களா? ரிஸ்க் யார் தலையில் என்று முதலில் பாருங்கள்



கொஞ்சம் நீளமான இழை இது. உங்கள் வீட்டில் வேலை மாற நினைக்கும் பிள்ளை யாராவது இருந்தால் பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

"டாக்டருக்கு கம்ப்யூட்டர் வேலையைப் பத்தி என்ன பேச்சு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காரணம் என் கிளினிக்கில் இருக்கிறது.

படபடப்பு. தூக்கமின்மை. நெஞ்செரிச்சல். "தலை பாரமாவே இருக்கு சார்." வயது 24-க்கும் 32-க்கும் நடுவில். இசிஜி எடுத்தால் நார்மல். தைராய்டு நார்மல். ரத்தசோகை இல்லை. மாத்திரை எழுதும் முன்னால் ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுத்தால் காரணம் தானாக வெளியே வரும்.

சிவில் இன்ஜினியரிங் முடித்து சைட்டில் நின்றவர். பி.எஸ்சி விலங்கியல் முடித்து ஜவுளிக்கடையில் பில் போடும் பெண். பாத்திரக்கடை வீட்டுப் பையன். (யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) எல்லார் கதையும் ஒரே இடத்தில் வந்து சேரும்.

"ஐ.டி.க்கு மாறிரலாம்னு கோர்ஸ்ல சேர்ந்தேன் சார். துட்டு கட்டியாச்சு. வேலை வரல."

கூட வந்த அப்பா குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "பிள்ளை ராத்திரி உறங்கவே மாட்டேங்கான் சார். எப்பம் பாத்தாலும் லேப்டாப்பு முன்னாடியே இருக்கான். அவன் அம்மை வளையல அடகு வச்சுல்லா பீஸ் கட்டிருக்கு."

எங்கள் ஏரல் பக்கம் இந்த நினைப்பு அதிகமானதற்கு ஊர்க்காரணம் ஒன்றும் உண்டு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறக்க மாட்டோம். பக்கத்தில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஏரல் கடைவீதிக்குள்ளேயே வந்துவிட்டது. பாலம் துண்டாகி ஊர் தனித்து நின்றது. கடைக்குள் இருந்த சரக்கெல்லாம் சேறு. வாழைத் தோட்டங்கள் போயின.

தலைமுறையாகக் கடையையும் வயலையும் நம்பி இருந்த வீடுகளில் அதற்குப் பிறகு ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது: "ஆத்துல அடிச்சுட்டுப் போகாத வேலை ஒண்ணு வேணும்லா."

அந்த ஆசையில் ஒரு தப்பும் இல்லை. அந்த ஆசையை வைத்து யார் துட்டு பார்க்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டர் படிக்காதவர்கள் சாஃப்ட்வேர் வேலைக்கு மாறலாம். நிறைய பேர் மாறியிருக்கிறார்கள். நீங்கள் படித்த பட்டம் பெரிய தடையில்லை. ஆனால் எந்த வழியில் மாறுவது என்று முடிவெடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"இது சரிவரலேன்னா நஷ்டம் யாருக்கு?"

கற்றுக்கொடுப்பவருக்கும் அதில் பங்கு இருந்தால் அந்த வழியை யோசிக்கலாம். முழு நஷ்டமும் உங்கள் அம்மாவின் வளையலுக்கு என்றால் வேண்டாம்.

இதை விளக்கத்தான் மீதி இழை.

*

பட்டம் தடையில்லை என்று எதை வைத்துச் சொல்கிறேன்?

நம்ம ஊர்ப் பக்கத்திலிருந்தே ஆரம்பிப்போம். திருச்செந்தூர் வட்டாரத்து மூலைப்பொழி கிராமத்தில் பிறந்தவர் ஷிவ் நாடார். கோவை பி.எஸ்.ஜி.யில் படித்தது மின்னியல். 1976-ல் நண்பர்களோடு தொடங்கிய நிறுவனம்தான் ஹெச்.சி.எல்.

ஸ்ரீதர் வேம்பு ஐ.ஐ.டி மெட்ராஸில் படித்தது எலெக்ட்ரிக்கல். பிரின்ஸ்டனில் முனைவர் பட்டமும் அதே துறையில்தான். 1996-ல் தொடங்கிய நிறுவனம் இன்றைக்கு ஸோஹோ. கூகுளின் தலைவரான சுந்தர் பிச்சை காரக்பூரில் படித்தது உலோகவியல்.

கடல் தாண்டியும் பார்க்கலாம். குவின்சி லார்சன் என்ற அமெரிக்கர் பள்ளி நிர்வாகத்தில் இருந்தவர். முப்பது வயதை ஒட்டித்தான் கோடிங் கற்றார். 2014-ல் அவர் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப் தளத்தில் இன்றும் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம்.

ஆக, மாறலாம்.

ஆனால் இந்தப் பெயர்களைப் போட்டுத்தான் கோர்ஸ் விற்பவர்களும் விளம்பரம் செய்கிறார்கள். அங்கேதான் ஒரு மருத்துவனாக நான் குறுக்கே வர வேண்டியிருக்கிறது.

ஒரு புது மருந்து வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்போம்? குணமானவர்களை மட்டும் மேடையேற்றிக் கைதட்ட மாட்டோம். மருந்து சாப்பிட ஆரம்பித்தது எத்தனை பேர், அதில் குணமானது எத்தனை பேர், பாதியில் நிறுத்தியது எத்தனை பேர், யாருக்குப் பக்கவிளைவு வந்தது என்று ஆரம்பித்த எல்லாரையும் கணக்கில் வைப்போம். பாதியில் போனவர்களை விட்டுவிட்டு எண்ணினால் சர்க்கரைத் தண்ணிகூட நல்ல மருந்தாகத் தெரியும்.

கோர்ஸ் விளம்பரத்தில் "எங்கள் மாணவர்கள்" என்று சிரிக்கும் பத்து முகங்கள் இருக்கும். கூடச் சேர்ந்த மீதிப் பேர் எங்கே? அதைக் கேட்டால் பதில் வராது.

*

சும்மா சந்தேகப்படுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உலகறிந்த ஒரு கேஸ் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 2017-ல் லாம்ப்டா ஸ்கூல் என்று ஒரு கோடிங் பயிற்சி நிறுவனம் தொடங்கியது. பிறகு புளூம்டெக் என்று பெயர் மாறியது. "இப்போ காசு கட்ட வேண்டாம். வேலை கிடைச்சபிறகு சம்பளத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும்" என்பதுதான் அவர்கள் சொன்னது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ரிஸ்க் அவர்களுடையது என்றுதான் எல்லாரும் நம்பினார்கள்.

2024 ஏப்ரலில் அமெரிக்க அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு அவர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. விளம்பரத்தில் வேலை கிடைப்போர் விகிதம் 86 சதவீதம் வரை சொல்லப்பட்டது. நிறுவனத்தின் உள்கணக்கில் அது 50 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. சில சமயம் 30 வரைக்கும் இறங்கியது. "கடன் இல்லை" என்று சொல்லப்பட்டது உண்மையில் கடன்தான் என்றும் அந்த அமைப்பு சொன்னது.

அத்தனை பெரிய நாட்டில், அத்தனை கண்காணிப்புக்கு நடுவிலேயே இப்படி என்றால், நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் "100% வேலை உத்தரவாதம்" போஸ்டரை எவ்வளவு நம்பலாம்? நீங்களே சொல்லுங்க.

நம் நாட்டிலும் விதி வந்திருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களுக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. தேர்ச்சி விகிதம், வேலை உத்தரவாதம் பற்றிப் பொய்யாக விளம்பரம் செய்யக் கூடாது. ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். அந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய ரசீதையும் பத்திரமா வையுங்க.

*

சரி, ரிஸ்க்கை நிறுவனமே ஏற்றுக்கொள்ளும் வழி உலகத்தில் இருக்கிறதா?

இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். காலையில் பஸ் ஏறி திருநெல்வேலியில் மாறினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போய்விடலாம். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை.

ஸோஹோ நிறுவனம் இருபது ஆண்டுகளாக நடத்தும் ஸோஹோ பள்ளிகளைப் பற்றி நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிளஸ் டூ அல்லது டிப்ளமா முடித்த பிள்ளைகளை எடுக்கிறார்கள். கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை கொடுக்கிறார்கள். இரண்டு வருடம் பயிற்சி. பிற்பகுதியில் நிறுவனத்தின் வேலையைச் செய்தபடியே கற்கிறார்கள்.

இங்கே இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள்.

முதலாவது, பிள்ளை சரியாக வரவில்லை என்றால் நஷ்டம் நிறுவனத்துக்கும்தான். அதனால் எடுக்கும்போதே பார்த்து எடுப்பார்கள். எடுத்தபிறகு அக்கறையாகக் கற்றுக்கொடுப்பார்கள். கட்டணம் வாங்குபவருக்கு நீங்கள் சேர்ந்த அன்றே லாபம் வந்துவிடுகிறது. உதவித்தொகை கொடுப்பவருக்கு நீங்கள் வேலை கற்ற பிறகுதான் லாபம்.

இரண்டாவது, காலம். சாப்பாட்டுக் கவலை இல்லாத 18 வயதுப் பிள்ளைக்கு, சம்பளம் கொடுத்து, முழுநேரமாகக் கற்றுக்கொடுக்க அவர்களுக்கே இரண்டு வருடம் தேவைப்படுகிறது. அப்புறம் 28 வயதில், வேலைக்குப் போய்க்கொண்டே, வார இறுதியில் மட்டும் படிக்கும் ஒருவரை மூன்று மாதத்தில் டெவலப்பர் ஆக்குவேன் என்று ஒருவர் சொன்னால், அவர் எதை விற்கிறார் என்று யோசிக்க வேண்டாமா?

மருத்துவத்திலும் இதே கதைதான். நாலரை வருடம் படித்த பிறகும் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜனாக வார்டில் நின்றால்தான் கை பழகும். அந்த ஒரு வருடத்துக்கு உதவித்தொகை உண்டு. உதவித்தொகை கொடுத்துக் கற்பிப்பது தர்மம் கிடையாது. கைத்தொழில் எதுவானாலும் அதுதான் ஒழுங்கான முறை.

ஆனால் ஸோஹோ பள்ளி 17 முதல் 20 வயதுப் பிள்ளைகளுக்கானது. 26 வயது சிவில் இன்ஜினியருக்கு அந்தக் கதவு திறக்காது. வேலையில் இடைவெளி விட்ட பெண்களுக்கு "மறுபடி" என்று ஒரு பயிற்சி அங்கே உண்டு. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் விசாரித்துப் பாருங்கள்.

வேறு வழிகளும் உண்டு. விப்ரோ தன் வில்ப் திட்டத்தில் பி.சி.ஏ. மட்டுமில்லாமல் கணிதம், இயற்பியல் பி.எஸ்சி படித்தவர்களையும் எடுத்திருக்கிறது. வேலை பார்த்தபடியே எம்.டெக் படிக்கலாம். பதிலுக்கு இத்தனை வருடம் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போடுவார்கள். ஹெச்.சி.எல்.லின் டெக்பீ பிளஸ் டூ முடித்தவர்களை எடுக்கிறது. அதில் பயிற்சிக் கட்டணமும் உண்டு, பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் உண்டு. எதில் சேர்ந்தாலும் அந்த ஒப்பந்தத்தை முழுசா படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் சம்மதப் படிவம் படிக்கச் சொல்கிறோம்லா, அது மாதிரி.

*

"அப்போ 26, 30 வயசுக்காரங்க என்ன செய்ய?"

இதுதான் முக்கியமான கேள்வி. உங்களுக்காக ரிஸ்க் எடுக்க ஆள் இல்லை என்றால், ரிஸ்க்கைச் சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு துண்டு போனால் தாங்குகிற மாதிரி.

முதல் துண்டு: காசே போடாமல் மூன்று மாதம்.

இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்கத்தான் இந்த மூன்று மாதம். தமிழிலேயே ஆரம்பிக்கலாம். கணியம் என்ற தன்னார்வ முயற்சி 2012 முதல் பைத்தான், லினக்ஸ் மாதிரியான விஷயங்களை எளிய தமிழில் மின்னூல்களாக இலவசமாகக் கொடுத்துவருகிறது. ஆங்கிலம் ஓரளவு வந்தால் என்.பி.டெல்லில் சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடத்தைப் பார்க்கலாம். பாடம் பார்க்கக் காசில்லை. சான்றிதழுக்குத் தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். ஹார்வர்டின் சி.எஸ்.50 பாடமும் இலவசம்தான்.

இந்த மூன்று மாதத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? எத்தனை வீடியோ பார்த்தீர்கள் என்பது கணக்கே இல்லை. எழுதிய புரோகிராம் ஓடாதபோது உங்கள் மனசு என்ன செய்கிறது என்று பாருங்கள்.

காய்ச்சலோடு ஒருவர் வருகிறார். டெங்குவா, டைஃபாய்டா, எலிக்காய்ச்சலா, ஸ்கரப் டைஃபஸா? ஒவ்வொன்றாகச் சோதித்து ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வர வேண்டும். அவசரப்பட்டு ஒரே நாளில் நாலு மருந்தை மாற்றினால் எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று தெரியாது. சாஃப்ட்வேர் வேலையில் பாதி நேரம் இப்படித்தான் போகும். பிழை எங்கே என்று தேடணும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கணும்.

அந்தத் தேடல் உங்களுக்கு எரிச்சலை மட்டும் கொடுத்தால் இந்த வேலை உங்களுக்கு வேண்டாம். எரிச்சலோடு சேர்த்து "இன்னும் பத்து நிமிசம் பாப்போம்" என்ற பிடிவாதமும் வந்தால் தொடருங்கள். இதைத் தெரிந்துகொள்ள ஒரு பைசா செலவில்லை.

இரண்டாவது துண்டு: சிறுகச் சிறுகக் கட்டணம்.

ஐ.ஐ.டி மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பு (டேட்டா சயின்ஸ்) இதற்கு நல்ல உதாரணம். ஜே.இ.இ தேவையில்லை. பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். வயது வரம்பு கிடையாது. வேலை பார்த்தபடியே படிக்கலாம். தேர்வு மட்டும் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும்.

எனக்கு அதில் பிடித்தது, படிகளாகப் பிரித்திருக்கும் விதம். முதலில் நாலு வாரப் பாடம், ஒரு தகுதித் தேர்வு. பிறகு அடிப்படை நிலை, டிப்ளமா நிலை, பட்ட நிலை. நடுவில் நிறுத்தினாலும் முடித்த நிலைக்குச் சான்றிதழோடு வெளியே வரலாம். எடுக்கும் பாடத்துக்கு மட்டும் கட்டணம். குடும்ப வருமானத்தையும் இடஒதுக்கீட்டுப் பிரிவையும் பொறுத்து 75 சதவீதம் வரை சலுகை உண்டு. ஆனால் ஒன்று, பாடம் கடினம். அந்தக் கடினம்தான் அதன் மதிப்பும்.

மூன்றாவது துண்டு: இருக்கும் வேலையை விடாதீர்கள்.

"முழுசா இறங்குனாத்தான் ஜெயிக்க முடியும்" என்று வீடியோவில் சொல்வார்கள். சொல்பவருக்கு வாடகை கட்ட வேறு வருமானம் இருக்கும். உங்களுக்கு? தினமும் ஒன்றரை மணி நேரம், ஒன்றரை இரண்டு வருடம் என்று கணக்குப் போடுங்கள். மெதுவாகத்தான் இருக்கும். ஆனால் தோற்றாலும் சோறு இருக்கும். பயமில்லாத தலையில்தான் பாடமும் ஏறும்.

*

இன்னொன்று முக்கியம். பழைய படிப்பைத் தூக்கி எறியாதீர்கள்.

நம்ம பிள்ளைகள் இன்டர்வியூவில் "சார், நான் சிவில்தான்..." என்று ஏதோ குற்றம் செய்த மாதிரிச் சொல்கிறார்கள். ஏன்? கட்டட மதிப்பீடு போடத் தெரிந்தவருக்குக் கட்டுமான சாஃப்ட்வேரில் எது கோணல் என்று முதல் நாளே தெரியும். வெறும் கம்ப்யூட்டர் மட்டும் படித்தவர் அதைக் கற்க வருடம் ஆகும்.

என் துறையிலிருந்தே ஒரு உதாரணம். 1966-67-ல் பாஸ்டன் நகரில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஆய்வகத்தில் ஒரு புரோகிராமிங் மொழி உருவானது. அந்த ஆய்வகத்தை நடத்திய ஆக்டோ பார்னெட் ஒரு மருத்துவர். மொழியின் பெயர் மம்ப்ஸ். ஆமாம், நம்ம ஊரில் பொன்னுக்கு வீங்கி என்று சொல்வோமே, அதே ஆங்கிலப் பெயர்தான். நோயாளிப் பதிவுகளை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று வார்டில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அறுபது வருடம் ஆகப்போகிறது. அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைகள் பலவற்றின் மென்பொருளுக்கு அடியில் அந்த மொழி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நம்ம கிராம சுகாதார செவிலியர்களைப் பாருங்கள். கர்ப்பிணிகளின் விவரங்களை பிக்மி மென்பொருளில் ஏற்றுபவர்கள் அவர்கள்தான். எந்தக் கட்டம் தேவையில்லாதது, எந்தக் கேள்வியைக் கிராமத்துப் பெண்ணிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த டெவலப்பருக்குத் தெரியும்? அந்தச் செவிலியரின் மகள் கோடிங் கற்றால் அவள் சைபரிலிருந்து ஆரம்பிக்கவில்லை.

வாழைக்காய் ஏலம் தெரிந்த வீட்டுப் பிள்ளை, மொத்தக்கடைக் கணக்கு தெரிந்த பிள்ளை, ஆத்தூர் வெற்றிலை எப்படி கட்டுக்கட்டாக ஊர் ஊராகப் போகிறது என்று தெரிந்த பிள்ளை... இவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான். முதல் புரோகிராமை உங்கள் வீட்டு வேலைக்கு எழுதுங்கள். அப்பாவின் கடைக்குக் கடன் பாக்கி எழுதும் ஒரு சின்ன சாஃப்ட்வேர் போதும். அப்பா அதை ஒரு மாதம் நிஜமாகப் பயன்படுத்தினார் என்றால், இன்டர்வியூவில் காட்ட அதைவிட நல்ல சான்றிதழ் இல்லை.

*

"ஏ.ஐ வந்துட்டே சார், இனிமே இந்த வேலையே இருக்குமா?"

இந்த பயம் பொய்யில்லை. 2025 ஜூலையில் டி.சி.எஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தது. எளிய கோடை இன்றைக்கு மெஷினே எழுதித் தருகிறது.

என் கருத்து இதுதான். மெஷின் எழுதித் தந்தது சரியா தப்பா என்று சொல்ல ஆள் வேண்டும். ரத்தப் பரிசோதனை மெஷின் வந்தபிறகு மருத்துவர் தேவையில்லாமல் போகவில்லை. ஆனால் ரிப்போர்ட்டை மட்டும் படித்துக்காட்டும் ஆளுக்கு வேலை குறைந்தது. ஆகவே மூன்று மாதத்தில் மேலோட்டமாகக் கற்றவருக்குத்தான் முதல் அடி. அதனாலேயே, அவசரக் கோர்ஸுக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்குவது முன்பைவிட இப்போது ஆபத்து.

*

இந்த அறிகுறிகள் தெரிந்தால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்:

"இன்னைக்கே கட்டினா பாதி பீஸ்" என்று அவசரப்படுத்துவது. நல்ல மருத்துவர் யாரும் அப்படிச் சொல்லி ஆபரேஷன் செய்ய மாட்டார்.

"வட்டியில்லா இ.எம்.ஐ" என்று சொல்லி ஆதார், பான் கார்டு வாங்குவது. கடன் கொடுப்பது பெரும்பாலும் வேறொரு ஃபைனான்ஸ் கம்பெனி. நீங்கள் கோர்ஸை விட்டாலும் இ.எம்.ஐ உங்களை விடாது.

"டெபாசிட் கட்டுங்க, பின்வாசல் வழியா வேலை வாங்கித் தாரோம்" என்பது.

"ரெண்டு வருச அனுபவம்னு சர்டிபிகேட் ரெடி பண்ணித் தாரோம்" என்பது. பெரிய நிறுவனங்கள் உங்கள் பி.எஃப் பதிவைப் பார்க்கும். அனுபவம் போலி என்று தெரிந்தால் வேலையும் போகும், பெயரும் போகும்.

அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வது.

*

இனி மருத்துவராக என் பங்கு.

தூக்கத்தைத் திருடிப் படிக்காதீர்கள். பகலில் படித்ததை மூளை பதியவைப்பதே தூக்கத்தில்தான். நாலு மணி நேரம் தூங்கிவிட்டு இரண்டு மணி நேரம் கூடுதலாகப் படிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி. ஏழு மணி நேரம் உறங்குங்கள்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திரையிலிருந்து கண்ணை எடுத்துத் தூரத்தில் பாருங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். படபடப்போடு வருபவர்களிடம் ஒரு நாளைக்கு எத்தனை டீ, காபி என்று கேட்டால் விரல் பத்தாது. சாயங்காலத்துக்குப் பிறகு இரண்டும் வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, தூக்கமில்லை, "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்ற நினைப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் அது சோம்பேறித்தனம் கிடையாது. மன அழுத்தமாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் இலவச எண் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை.

அண்ணாச்சி, அக்கா, பிள்ளை வேலை மாற நினைத்தால் "எதுக்குலே இந்த வேலை?" என்று அதட்ட வேண்டாம். "எல்லாம் போனா போகுது" என்று நகையைக் கழற்றியும் கொடுக்க வேண்டாம். சாப்பாடும், அமைதியான ஒரு மூலையும், இரண்டு வருட நேரமும் கொடுங்கள். நேரம்தான் அவனுக்கு உண்மையில் தேவை. வளையல் கொடுத்தால் அவன் தோற்கக் கூடாது என்ற பயமும் சேர்ந்து வரும். அந்த பயத்துக்குத்தான் அவன் என்னிடம் மாத்திரை கேட்டு வருகிறான்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. 2024 டிசம்பர் கடைசியில் தூத்துக்குடியில் டைடல் நியோ பூங்கா திறக்கப்பட்டது. திருநெல்வேலி கங்கைகொண்டானில் எல்காட் பூங்கா இருக்கிறது. 2022-ல் வந்த நான் முதல்வன் திட்டம் படிக்கும் மாணவர்களுக்கு நன்றாகவே உதவுகிறது. படித்து முடித்து, ஏதோ ஒரு வேலையில் மாட்டிக்கொண்டு, 25 வயதைத் தாண்டியவர்களுக்கு உதவித்தொகையோடு ஒரு வருடப் பயிற்சி என்று ஒன்றை இந்தப் பூங்காக்களோடு சேர்த்துக் கொண்டுவந்தால் எத்தனையோ வீட்டு நகை அடகுக்கடைக்குப் போகாது.

சுருக்கமாக:

பட்டம் தடையில்லை.
மூன்று மாதம் இலவசமாகச் சோதித்துப் பாருங்கள்.
இருக்கும் வேலையை விடாமல் ஒன்றரை இரண்டு வருடம் கொடுங்கள்.
பழைய படிப்பை பலமாக மாற்றுங்கள்.
கடன் வாங்கிக் கோர்ஸில் சேராதீர்கள்.
யார் எதைச் சொன்னாலும் அந்த ஒரே கேள்வியைக் கேளுங்கள்: சரிவரலேன்னா நஷ்டம் யாருக்கு?

கேள்வி இருந்தால் கீழே கேளுங்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன். வேலை மாறி வந்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். ஜெயித்தவர்கள் மட்டும் எழுதினால் போதாது, பாதியில் விட்டவர்களும் எழுதுங்கள். உங்கள் கணக்கும் சேர்ந்தால்தான் அடுத்த பிள்ளைக்கு உண்மை தெரியும்.



பொதுநல மருத்துவர்
ஏரல்